குவாங்சோ மெட்ரோவில் தீயூ ஷீலூ நிலையம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் எனக்குப் பாத்திரமும் சமையலறைச் சாமானும் மொத்த வியாபாரம். சீனாவின் குவாங்சோவில் வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும் கான்டன் கண்காட்சிக்கு முதல்முறை போனபோது, என் சித்தப்பா மகனும் நானும் ஒரே ஒரு மெட்ரோ நிலையத்துக்குள் ஒன்றேகால் மணி நேரம் சுற்றினோம். எங்களை அழைத்துப்போக வந்த தொழிற்சாலைக்காரர் அதே நிலையத்தின் வேறொரு வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பக்கத்து ஊரான ஃபோஷானில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய பட்டறையை அந்தப் பயணத்தில் பார்க்கவே முடியவில்லை.

அந்த நிலையத்தின் பெயர் தீயூ ஷீலூ. தியென்ஹ என்ற பகுதியில் தரைக்கடியில் இருக்கிறது. முதலாம் லைனும் மூன்றாம் லைனும் அங்கே சந்திக்கின்றன. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வரும் கிளையும் அங்கேதான் வந்து சேர்கிறது. அந்த ஊர்க்காரர்களே காலையிலும் மாலையிலும் தவிர்க்கப் பார்க்கும் நிலையம் அது. புதிதாகப் போகும் நாம் பெட்டியோடும் தூக்கக் கலக்கத்தோடும் நேரே அதற்குள் போய் விழுகிறோம்.

அதற்குப் பிறகு மூன்று தடவை போய்வந்துவிட்டேன். இப்போது எந்தப் பதற்றமும் இல்லை. அடுத்த கண்காட்சிக்கு முதல்முறை கிளம்புகிறவர்களுக்காக, என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. ஊரிலிருந்து கிளம்பும் முன் பணம் செலுத்தும் வழியைச் சரிசெய்யுங்கள்

மெட்ரோவில் வரும் சிக்கல்களில் பாதி, ஊரில் செய்யாமல் விட்ட வேலையால் வருபவை. நம் யூபிஐ அங்கே நடக்காது. ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் இரண்டு வேறு வங்கிகளுடையது. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, வரம்பையும் கூட்டிவையுங்கள். பல அட்டைகளில் இது அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கும்.

அடுத்து அலிபே என்ற சீனப் பணச் செயலி. இதை ஊரிலேயே, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாக நிறுவுங்கள். நம் இந்திய எண்ணிலேயே கணக்குத் தொடங்கலாம். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைப் படமெடுத்து ஏற்றி, அடையாளத்தை உறுதிசெய்து, அட்டையை இணையுங்கள். அட்டையை இணைக்கும்போது வங்கியிலிருந்து ஓடிபி வரும். அங்கே போய் இறங்கிய பிறகு செய்தால், ரோமிங் இல்லாத சிம்முக்கு அந்த ஓடிபி வராது. என் சித்தப்பா மகன் சிக்கியது இதில்தான். ரோமிங் எதற்கு என்று விட்டுவிட்டான். அலிபேயில் அட்டை ஏறவில்லை. நான்கு நாளும் அவனுக்கான டோக்கனை நான்தான் வாங்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டு அட்டை வழியாக அலிபேயில் 200 யுவான் வரை கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். மெட்ரோ கட்டணம் அந்த வரம்பை நெருங்காது. வீசாட் செயலி இந்தியாவில் 2020இலிருந்து தடைசெய்யப்பட்டிருப்பதால் அதை ஊரிலேயே இதேபோல் அமைத்துவைக்க முடியாது, ஆனால் அது இருந்தால் நல்லது. அங்கே எல்லாரும் பேசுவதும் பொருள் விவரம் அனுப்புவதும் அதில்தான்.

ரோமிங் திட்டம் கட்டாயம் போடுங்கள். இந்திய சிம்மில் ரோமிங் இருந்தால் வாட்ஸப்பும் கூகுளும் வேலை செய்யும். ஓட்டல் வைஃபையில் இரண்டும் திறக்காது. வழி பார்க்க கூகுள் வரைபடத்தை நம்பாதீர்கள், சீனாவுக்குள் அது தப்பான இடத்தைக் காட்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் வரைபடமே போதும். மற்றவர்கள் ஆமாப் என்ற சீனச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். மெட்ரோவுக்கு மட்டும் மெட்ரோமேன் என்ற செயலி இருக்கிறது, இணையம் இல்லாமலே வழியும் கட்டணமும் காட்டும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே இறக்கிவைத்துவிடுங்கள்.

கையில் ரொக்கமும் வேண்டும், ஆனால் சில்லறையாக. 5 யுவான், 10 யுவான் நோட்டுகளாகக் கேட்டு மாற்றுங்கள். நான் கொண்டுபோனது முழுக்க 100 யுவான் நோட்டு. டிக்கெட் இயந்திரம் அதை வாங்கவில்லை. ஒரு யுவான் நம் பணத்தில் ஏறக்குறைய 12 முதல் 13 ரூபாய் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்குப் போட வசதி.

கடைசியாக ஒன்று. ஓட்டலின் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் உங்கள் ஃபோனில் படமாக இருக்கட்டும். ஒரு தாளிலும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் தெருவில் பலருக்குப் படிக்கத் தெரியாது.

2. நிலையப் பெயர்களை உடைத்துப் படிக்கப் பழகுங்கள்

பலகைகளில் சீனப் பெயர்கள் ஆங்கில எழுத்திலும் இருக்கும். பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஏழெட்டுச் சொல் தெரிந்தால் போதும், பெயர்கள் தானாகப் பிரிந்துவிடும். தோங் என்றால் கிழக்கு, ஷீ என்றால் மேற்கு, நான் என்றால் தெற்கு, பெய் என்றால் வடக்கு. லூ என்றால் சாலை. ஜான் என்றால் நிலையம். ஜோங்ஷின் என்றால் மையம். தீயூ என்றால் விளையாட்டு. ஆக தீயூ ஷீலூ என்பது விளையாட்டு அரங்கத்துக்கு மேற்கே உள்ள சாலை.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், முதலாம் லைனில் தீயூ ஷீலூவுக்கு அடுத்த நிலையமே தீயூ ஜோங்ஷின். தீயூ என்ற முதல் சொல்லைப் பார்த்ததும் இறங்குகிறவர்கள் உண்டு. ரயில்வே நிலையங்களிலும் இதே கதை. குவாங்சோ நிலையம், குவாங்சோ கிழக்கு, குவாங்சோ தெற்கு, குவாங்சோ வடக்கு என்று நான்கு இருக்கின்றன, நான்கும் வெவ்வேறு மூலையில். அதிவேக ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் எந்தத் திசை என்று இரண்டு தடவை பாருங்கள். தெற்கு நிலையத்துக்குப் போக வேண்டியவர் கிழக்கில் போய் நின்றால் ரயிலை விட்டுவிடுவார்.

ரயிலுக்குள் அறிவிப்பு மூன்று மொழியில் வரும்: மாண்டரின், கான்டனீஸ், ஆங்கிலம். கான்டனீஸில் அதே நிலையத்தை வேறுமாதிரி உச்சரிப்பார்கள். குழம்ப வேண்டாம், ஆங்கிலம் கடைசியில் வரும்வரை காத்திருங்கள். கதவுக்கு மேலே உள்ள பட்டியலிலும் நிலையப் பெயர் தெரியும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முதலாம் லைன் மஞ்சள், மூன்றாம் லைன் ஆரஞ்சு. சுரங்க வெளிச்சத்தில், அதுவும் களைப்பில், இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எண்ணைப் பாருங்கள்.

3. விமான நிலையத்திலிருந்து எந்த வழி என்று முன்பே முடிவு செய்யுங்கள்

பையுன் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு விமான நிலையம் தெற்கு என்ற மெட்ரோ நிலையம், இரண்டாம் முனையத்துக்கு விமான நிலையம் வடக்கு. இரண்டுமே மூன்றாம் லைனில். 2025 அக்டோபரில் திறந்த மூன்றாம் முனையத்துக்கு இந்த லைன் போகவில்லை. உங்கள் விமானம் எந்த முனையத்துக்கு என்று டிக்கெட்டில் பார்த்துவிடுங்கள்.

அங்கிருந்து தீயூ ஷீலூவுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். கட்டணம் 7 அல்லது 8 யுவான். டாக்ஸி என்றால் 100 யுவானைத் தாண்டும். தனியாக, ஒரு பெட்டியோடு போகிறவர்களுக்கு மெட்ரோ நல்லது. மூன்று பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி என்றால் டாக்ஸியே மேல். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை, படிக்கட்டில் பெட்டி தூக்கிப் பார்த்தவன் சொல்கிறேன்.

நான் முதல் பயணத்தில் தெரிந்துகொள்ளாத விஷயம் இது: தங்கும் இடத்தைப் பொறுத்து தீயூ ஷீலூவைத் தொடாமலே போகலாம்.

கண்காட்சி நடக்கும் பாஜோ பக்கம் தங்குகிறீர்கள் என்றால், விமான நிலைய ரயிலில் தீயூ ஷீலூவுக்கு இரண்டு நிலையம் முன்னால், குவாங்சோ கிழக்கு ரயில் நிலையத்தில் இறங்கிவிடுங்கள். அங்கே பதினோராம் லைனுக்கு மாறினால் நேரே பாஜோ. 2024 டிசம்பர் 28இல் திறந்த வட்டப் பாதை இது. பழைய வழிகாட்டிகளில் இருக்காது. பழைய வழியையே சொல்லும் ஆட்களும் இன்னும் இருக்கிறார்கள்.

சான்யுவான்லி அல்லது குவாங்சோ ரயில் நிலையம் பக்கம் தங்குகிறவர்கள் இன்னும் முன்னதாக, ஜியாஹ வாங்காங்கில் இறங்கி இரண்டாம் லைனுக்கு மாறலாம்.

தியென்ஹவில் தங்குகிறவர்களும், ஃபோஷான் போகிறவர்களும், பான்யூ பக்கம் தொழிற்சாலை பார்க்கப் போகிறவர்களும்தான் தீயூ ஷீலூவைச் சந்தித்தே ஆக வேண்டும்.

கடைசி ரயில் இரவு பதினொரு மணியை ஒட்டி முடிந்துவிடும். கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக இரவில் இறங்கும் விமானம் எடுத்திருந்தால், குடியேற்றச் சோதனையிலும் பெட்டி எடுப்பதிலும் ஒரு மணி நேரம் போகும் என்று கணக்கு வையுங்கள். பத்து மணிக்குத் தரை தொட்டால் மெட்ரோவை மறந்துவிடுவதே நல்லது.

4. டிக்கெட்: மூன்று வழி, ஒவ்வொன்றிலும் ஒரு கவனம்

குறைந்த கட்டணம் 2 யுவான், நான்கு கிலோமீட்டர் வரை. பிறகு தூரத்துக்கு ஏற்ப ஒவ்வொரு யுவானாகக் கூடும். ஊருக்குள் எங்கே போனாலும் பெரும்பாலும் 6 யுவானுக்குள் முடிந்துவிடும்.

முதல் வழி டோக்கன். இயந்திரத்தின் திரையில் ஆங்கிலத்துக்கு மாற்றி, லைனைத் தொட்டு, நிலையத்தைத் தொட்டு, காசு போட்டால் நாணயம் மாதிரி வட்டமான பிளாஸ்டிக் டோக்கன் வரும். உள்ளே போகும்போது கேட்டில் அதைத் தொட்டால் போதும், வெளியே வரும்போது துளைக்குள் போட வேண்டும். தொலைத்துவிடாதீர்கள், தொலைத்தால் மறுபடி பணம் கட்டித்தான் வெளியே வர முடியும். நாளைக்கும் சேர்த்து வாங்கி வைக்காதீர்கள், வாங்கிய நாளோடு சரி.

இரண்டாவது நாள் சீட்டு. 24 மணி நேரத்துக்கு 20 யுவான், 72 மணி நேரத்துக்கு 50 யுவான். முதல் தடவை தட்டிய நேரத்திலிருந்து கணக்கு. ஓட்டலிலிருந்து கண்காட்சிக்குப் போய்த் திரும்புவது மட்டும்தான் என்றால் இது நஷ்டம், ஒரு நாளைக்கு 8 யுவான்தான் ஆகும். ஒரே நாளில் மூன்று நான்கு சந்தை சுற்றுகிறவர்கள், அலிபே அமையாதவர்கள் எடுக்கலாம். அடிக்கடி போகிறவர்களுக்கு யாங்செங் தோங் என்ற பணம் நிரப்பும் அட்டையும் உண்டு.

மூன்றாவது அலிபே. போக்குவரத்துப் பகுதிக்குள் போய் குவாங்சோ நகரத்தைத் தேர்ந்தெடுத்தால் மெட்ரோவுக்கான க்யூஆர் கோடு வரும். கேட்டில் காட்டினால் திறக்கும். இறங்குமிடத்தில் மறுபடி காட்டினால் பணம் பிடித்துக்கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். கோடு சீக்கிரமே மாறிக்கொண்டிருக்கும், அதனால் படமெடுத்து வைத்துப் பயனில்லை. ஒரு ஃபோனில் ஒரே ஆள்தான் போகலாம். உள்ளே எந்த ஃபோனில் போனீர்களோ அதே ஃபோனில்தான் வெளியே வர வேண்டும். உள்ளே போனபின் ஃபோன் அணைந்துபோனால் கேட் திறக்காது.

பவர் பேங்க் இல்லாமல் போகவே போகாதீர்கள். சீனாவுக்குள் உள்நாட்டு விமானத்தில் ஏறும் திட்டம் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: 2025 ஜூன் 28 முதல் 3சி முத்திரை (சீனாவின் கட்டாயத் தரச் சான்று) இல்லாத பவர் பேங்கை அந்த விமானங்களில் அனுமதிப்பதில்லை. நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது.

5. பாதுகாப்புச் சோதனையில் மாதிரிப் பொருளைப் பறிகொடுக்காதீர்கள்

கேட்டுக்கு முன்னால் எல்லா நிலையத்திலும் பைகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும். தண்ணீர் பாட்டிலைக் காட்டச் சொல்லலாம். பெரிய கூட்டம் இல்லாவிட்டால் ஒரு நிமிட வேலை.

என்னை நிறுத்தியது கத்தி. சமையலறைச் சாமான் வியாபாரி என்பதால் ஒரு கடைக்காரர் ஆறு கத்தி கொண்ட செட்டை மாதிரிக்குக் கொடுத்தார். அட்டைப்பெட்டி பிரிக்கப்படவே இல்லை. ஆனாலும் திரையில் ஆறு அலகும் வரிசையாகத் தெரிந்ததும் அந்தப் பெண் ஊழியர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். காய் நறுக்கும் கத்திக்கும் மெட்ரோவில் அனுமதி இல்லை. பேசிப் புரியவைக்க முடியாது, அவர்கள் கோபப்படவும் இல்லை. விட்டுவிட்டுப் போகலாம், அல்லது திரும்பி வெளியே போகலாம். அவ்வளவுதான். நான் வெளியே வந்து டாக்ஸி பிடித்தேன்.

கத்தி, கத்திரி, ஸ்ப்ரே கேன், லைட்டர் எரிவாயு, பசை, பெயிண்ட் போன்ற மாதிரிகளை வாங்காதீர்கள். கூரியரில் அனுப்பச் சொல்லிவிடுங்கள். அளவுக்கு மீறிப் பெரிய அட்டைப்பெட்டிகளையும் திருப்பி அனுப்புவார்கள்.

6. தீயூ ஷீலூவுக்குள் லைன் மாறும்போது

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் முழுக் கட்டுரையும் எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாம் லைன் ஒரே நேர்க்கோடு இல்லை. இந்த இடத்தில் கிளை பிரிகிறது. ஒரு கிளை வடக்கே விமான நிலையத்துக்கு, இன்னொன்று தியென்ஹ பேருந்து நிலையம் பக்கம், மூன்றாவது தெற்கே பான்யூ பக்கம். விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் தீயூ ஷீலூவோடு முடிந்துவிடலாம். எல்லாரும் இறங்கும்போது நீங்களும் இறங்கிவிடுங்கள். உட்கார்ந்திருந்தால் ஊழியர் வந்து தட்டுவார்.

இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை: நகராமல் இருப்பது. கதவிலிருந்து ஓரமாக, தூண் பக்கம் போய் நில்லுங்கள். பின்னால் வருகிறவர்கள் தள்ளுவார்கள், பரவாயில்லை. நாங்கள் செய்த தப்பு, கூட்டத்தோடு நடந்ததுதான். கூட்டத்துக்கு அதன் வழி தெரியும், அது உங்கள் வழியாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கூட்டம் எங்களை ஒரு எஸ்கலேட்டரில் ஏற்றி, ஒரு நீண்ட பாதையில் நடத்தி, கடைசியில் முதலாம் லைன் பிளாட்பாரத்தில் கொண்டுவிட்டது. நாங்கள் போக வேண்டிய இடம் அது இல்லை.

தலைக்கு மேலே தொங்கும் பலகையில் லைன் எண், அதன் பக்கத்தில் ரயில் முடியும் நிலையத்தின் பெயர் இருக்கும். அந்தக் கடைசி நிலையத்தின் பெயரை வைத்துத்தான் திசையை முடிவு செய்ய வேண்டும். ஓட்டலிலேயே ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: லைன் எண், கடைசி நிலையம், நான் இறங்கும் நிலையம். பலகையில் உள்ள எழுத்தைத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரயில் வந்து நின்றபிறகும் ஒரு தடவை பாருங்கள், ஒரே பிளாட்பாரத்துக்கு வரும் எல்லா ரயிலும் ஒரே ஊருக்குப் போவதில்லை, பாதியில் முடிகிறவையும் உண்டு.

மாலை ஆறு மணிக்கு அந்தப் பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவு ஒவ்வொன்றுக்கும் முன்னால், தரையில் ஒட்டிய அம்புக்குறிகளின் இரண்டு பக்கமும் வரிசை நிற்கிறது. நடு இடம் இறங்குகிறவர்களுக்கு. பேச்சுச் சத்தம் அதிகம் இல்லை, எல்லார் கண்ணும் ஃபோனில். கையில் ஒலிபெருக்கி வைத்த ஊழியர் ஒருவர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ரயில் வருகிறது, உள்ளே ஏற்கனவே முகங்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கின்றன. நான்கு பேர் இறங்க, ஆறு பேர் ஏற, மணி அடித்துக் கதவு மூடுகிறது. வரிசை இரண்டு அடி நகர்ந்திருக்கிறது. மூன்றாவது ரயிலில்தான் எனக்கு இடம் கிடைத்தது. பெட்டியோடு இருந்திருந்தால் அதிலும் கிடைத்திருக்காது.

வேலை நாட்களில் காலை ஏழரை முதல் ஒன்பதரை, மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை இங்கே மாறுவதைத் தவிருங்கள். கூட்டம் மீறினால் நிலைய வாசலிலேயே தடுப்புப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். அந்த வளைந்து வளைந்து போகும் வரிசையில் கால் மணி நேரம் போய்விடும்.

முதலாம் லைனில் போகும் பெண்களுக்கு ஒரு தகவல்: வேலை நாட்களில் காலை 7:30 முதல் 9:30 வரை, மாலை 5 முதல் 7 வரை பெண்களுக்கு முன்னுரிமை தரும் ஒரு பெட்டி உண்டு. 2017இலிருந்து இருக்கிறது. பிளாட்பாரத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். ஆண்களும் ஏறிவிடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனாலும் நெரிசல் கொஞ்சம் குறைவு.

7. வெளியே வரும் வாசலின் எழுத்தைக் கேட்டு வாங்குங்கள்

யாராவது உங்களைத் தீயூ ஷீலூவில் சந்திக்கலாம் என்று சொன்னால், எந்த வாசல் என்று கேட்காமல் விடாதீர்கள். வாசல்களுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வாசலுக்கும் இன்னொரு வாசலுக்கும் நடுவில் அகலமான சாலை, சுற்றிப்போகும் நடைபாலம், இதோடு நிலையத்திலிருந்து நேரே நுழையும்படி தரைக்கடியிலேயே கடைவீதி. தியென்ஹ செங், ஜெங்ஜியா என்ற இரண்டு பெரிய வணிக வளாகங்களும் பக்கத்தில்தான். ஒரு தப்பான வாசலில் ஏறி மேலே வந்தால், எதிர்ப்பக்கம் போவதற்கு மறுபடி கீழே இறங்குவதே சுருக்கு வழி. அன்றைக்கு எங்களுக்கும் அந்தத் தொழிற்சாலைக்காரருக்கும் நடுவில் ஒரு சாலைதான் இருந்தது. வந்துவிட்டேன் என்று அவர் வீசாட்டில் அனுப்பினார், வந்துவிட்டோம் என்று நாங்களும் அனுப்பினோம்.

அதனால் ஓட்டல் பதிவு செய்யும்போதே, பக்கத்து மெட்ரோ எது, எந்த வாசல் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆட்களைச் சந்திப்பது என்றால் மேலே சாலையில் வேண்டாம், கேட்டைத் தாண்டியதும் உள்ள வாடிக்கையாளர் சேவை மையத்தின் முன்னால் என்று சொல்லுங்கள். அதிலும் எந்த வாசல் பக்கம் என்று சேர்த்தே சொல்லுங்கள், பெரிய நிலையத்தில் அந்த மையமும் ஒன்றுக்கு மேல் இருக்கும். பின்னால் வாசல் எழுத்துத் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. நான் இப்போது இதைத்தான் செய்கிறேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

எல்லா வாசலிலும் மேலே ஏறும் எஸ்கலேட்டர் இருக்காது. பெரிய பெட்டியோ முட்டிவலியோ உள்ளவர்கள், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலைய வரைபடத்தில் லிஃப்ட் அடையாளம் எந்த வாசலில் என்று பார்த்துவிட்டு நடங்கள்.

8. அங்கிருந்து கண்காட்சிக்கும் சந்தைகளுக்கும்

தீயூ ஷீலூவிலிருந்து மூன்றாம் லைனில் தெற்கே மூன்றாவது நிலையம் கெச்சுன். அங்கே எட்டாம் லைனுக்கு, வான்ஷெங்வெய் திசையில் மாற வேண்டும். மூன்றாவது நிலையம் ஷின்காங் தோங், நான்காவது பாஜோ. கண்காட்சியின் ஏ அரங்கத்துக்கு ஷின்காங் தோங், பி அரங்கத்துக்குப் பாஜோ. உங்கள் பொருள் எந்த அரங்கத்தில் என்று முன்பே பார்த்துவிட்டு இறங்குங்கள், உள்ளே நடப்பதே ஒரு நாள் வேலை. கண்காட்சி காலை 9:30க்குத் திறந்து மாலை 6க்கு மூடும். நான் காலை ஏழரை மணிக்கு முன்னால் கிளம்பிவிடுவேன். திரும்பும்போது ஆறு மணி மணியடிக்கும் வரை நிற்காமல், நாலரைக்கே வெளியே வந்துவிடுவேன். அல்லது அங்கேயே சாப்பிட்டுவிட்டு ஏழரைக்கு மேல்.

துணிக்காரர்களுக்கு ஜோங்தா துணிச் சந்தை எட்டாம் லைனிலேயே இருக்கிறது. பொம்மை, எழுதுபொருள் பார்க்கிறவர்களுக்கு ஆறாம் லைனில் ஈத லூ. ஃபோஷான் போக, தீயூ ஷீலூவிலிருந்து முதலாம் லைனில் கடைசி நிலையமான ஷீலாங் வரை போய், அங்கே குவாங்ஃபோ லைனுக்கு மாறலாம். நம் சாப்பாடு தேடுகிறவர்கள் முதலாம் லைனில் யாங்ஜியில் மாறி, ஐந்தாம் லைனில் ஷியாவ்பெய் போங்கள். இந்திய உணவகமும் ஹலால் உணவகமும் அந்தப் பக்கம்தான் கிடைக்கும். மூன்றாம் நாள் ஒரு தட்டு சோறும் பருப்பும் கண்ணில் பட்டபோது வந்த நிம்மதி பெரிது.

9. ஏதாவது தப்பாகப் போனால்

ஃபோன் அணைந்துவிட்டால், கேட்டில் நின்று போராடாதீர்கள். பக்கத்துச் சேவை மையத்தில் எந்த நிலையத்தில் ஏறினீர்கள் என்று சொன்னால், ரொக்கமாக வாங்கிக்கொண்டு வெளியே விடுவார்கள். ஏறிய நிலையத்தின் பெயர் ஞாபகம் இருக்க வேண்டும், அதையும் அந்த மூன்று வரித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

தப்பான நிலையத்தில் இறங்கினால் கேட்டை விட்டு வெளியே வராதீர்கள். எதிர்ப்பக்க ரயிலில் திரும்பிவிடலாம், தனிக் கட்டணம் இல்லை. ஆனால் கேட்டுக்கு உள்ளே இருப்பதற்கு நேர வரம்பு உண்டு, உட்கார்ந்து ஓய்வெடுக்கும் இடமாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது.

கூட வந்தவர் பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதை ரயில் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் ஏற்பாடு இதுதான்: உள்ளே போய்விட்டவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய கதவுப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வெளியே நின்றுவிட்டவர் அடுத்த ரயிலில் வந்து அங்கே இறங்க வேண்டும். யாரும் திரும்பி வரக் கூடாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தேடித் திரும்பினால் எதிரெதிர் ரயிலில் கடந்துகொண்டே இருப்பீர்கள். கண்ணாடிக் கதவுகளில் எண் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துவைத்துக்கொண்டால் பிளாட்பாரத்தில் கண்டுபிடிப்பது சுலபம்.

அசல் பாஸ்போர்ட் எப்போதும் உடம்போடு இருக்கட்டும். நிலையத்தில் காவலர்கள் கேட்கலாம், சிம் வாங்கவும் அதுதான் வேண்டும். பாஸ்போர்ட்டையும் பணத்தையும் முதுகுப் பையில் வைக்காமல் உள்பையில் வையுங்கள்.

10. திரும்பும் நாள்

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்றால், தீயூ ஷீலூவிலிருந்து நான்கரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். வடக்கே போகும் எல்லா ரயிலும் விமான நிலையம் வரை போவதில்லை, வழியில் தோங்ஹவோடு நின்றுவிடுகிறவையும் இருக்கலாம். முகப்பில் விமான நிலையம் வடக்கு என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். அவசரத்தில் வேறொன்றில் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம், அது முடியும் இடத்தில் இறங்கி அதே பிளாட்பாரத்தில் அடுத்ததற்காக நில்லுங்கள். முதல் முனையத்துக்காரர்கள் கடைசிக்கு முந்தைய நிலையத்தில், இரண்டாம் முனையத்துக்காரர்கள் கடைசியில் இறங்க வேண்டும்.

யாங்செங் தோங் அட்டையில் மிச்சப் பணம் இருந்தால் சேவை மையத்தில் கிளம்புவதற்கு முந்தின நாளே கேட்டுவிடுங்கள். சில்லறை யுவானை மாற்ற வேண்டாம், ஓர் உறையில் போட்டு வழி எழுதிய அந்தத் தாளோடு வைத்துவிடுங்கள். அடுத்த கண்காட்சிக்கு டிக்கெட் இயந்திரத்தில் போட உதவும்.